தூக்கிப் போடுகிற இடம்

போகிக்கு இரண்டு நாள் முன்னால்
பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன்.
எத்திராஜ் ஏணியைப் பிடிக்க வந்தவன்
ஏணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான்.
"அத்த போட்றாத, நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் இருந்தவை:
மோட்டார் கழன்ற மிக்ஸி,
எந்த டிவிக்கென்று யாருக்கும் தெரியாத ரிமோட்,
எரியாத டார்ச் ஆறு,
கேரிபேக்குக்குள் கேரிபேக்குக்குள் கேரிபேக்,
கடைசிப் பையின் வயிற்றில்
எழுத்து வெளுத்துப்போன துணிக்கடை ரசீது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
கால்வாய் படியேறி வந்த அந்த ராத்திரி
கீழ்வீட்டில் இருந்தோம்.
கட்டில், ரேஷன் அரிசி, கல்யாண ஆல்பம்,
எதையும் வேணுமா வேண்டாமா என்று கேட்காமல்
தண்ணீரே வீட்டை ஒழித்துக்கொடுத்தது.
அதற்கப்புறம்தான் இவன்
பார்சல் கயிற்றைக்கூட அறுக்காமல்
முடிச்சவிழ்த்துச் சுருட்டி வைக்கிறவன் ஆனான்.

வேறு ஊரில் தூக்கிப் போட்டால்
போட்டது போய்விடும்போல.
கொடுங்கையூரில் அது போகிற இடம்
எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே.
பால் பொங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.
அண்ணா நகரின் சோபா,
கீழ்ப்பாக்கத்துப் பந்தியின் வாழையிலை,
யாரோ ஒருவரின் எக்ஸ்ரே,
எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
எங்கள் மாடி உயரத்துக்கு வந்துவிட்டன.
உச்சியில் மாடு ஒன்று
சொந்த வயல்போல நடக்கிறது.

இப்போது கீழ்வீட்டில் கோட்டீஸ்வரி.
பேருக்கேற்ற மாதிரி மலையிலேயே வேலை,
பதினெட்டு வருஷமாய், கயிற்றில் கட்டிய காந்தத்தோடு.
போன வருஷம் அவள் உள்ளங்கை வெந்திருந்தது.
"காலி பாட்லுனு எடுத்தேன்க்கா, மிச்சம் வச்சிக்கீறானுங்க."
கக்கூஸ் கழுவுகிற ஆசிட். நீல மூடி.
என் வீட்டிலும் அதே நீல மூடிதான்.
நான் எதுவும் சொல்லவில்லை.
மஞ்சள் பற்றிய அந்தக் கையில்
டீ டம்ளரைக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன்.

அதனால்தான் தீபாவளியிலிருந்தே
எலுமிச்சைத் தோல் ஜாடியில் ஊறுகிறது, வினிகரில்.
போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு அதுவும் சோடா உப்பும்.
செம்புக்குப் புளி.
துடைக்க எத்திராஜின் பழைய லுங்கி, நான்காய்க் கிழித்தது.
கறை ஒரே தேய்ப்பில் போகவில்லை.
விளம்பரத்தில் வருகிற மாதிரி எதுவும் மின்னவும் இல்லை.
தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.
வீடு முழுக்க ஊறுகாய் போட்ட வாசம்.

மாடிப்படியில் கடை பரப்பினாள் கோட்டீஸ்வரி.
"மோட்டாரு இல்லாத மிக்ஸி இன்னாத்துக்குக்கா?
தாமிரமே அதுலதான கீது!"
ரிமோட்டைத் திறந்து கரித்துண்டுபோல் ஏதோ எடுத்தாள்.
கேரிபேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்:
"இதுக்கு எவனும் காசு தரமாட்டான். நீயே வச்சிக்கோ."
அதோடு இந்த வருஷம்
மார்க்கெட்டுக்குப் பையெடுத்துப் போகப் பழகினேன்.
டார்ச்சை ஒவ்வொன்றாய்ச் சுரண்டி, ஊதி, தட்டினாள்.
ஐந்து செத்திருந்தன.
ஆறாவது, அவள் மூக்குத்திமேல் எரிந்தது.

போகியன்று விடியலில் பிள்ளைகள் மேளம் அடித்தார்கள்.
நாங்கள் எதையும் கொளுத்தவில்லை.
ஆனாலும் புகை வந்தது,
டயர் வாசத்தோடு, எந்தத் தெருவிலிருந்தோ.
ஜன்னலைச் சாத்தினேன்.
துடைத்த கண்ணாடியில் மலை முன்னைவிடத் தெளிவாய்த் தெரிந்தது.
இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ராத்திரி கண்விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை.
ஏணிமேல் நின்றிருந்தான், கையில் அந்த டார்ச்.
காலிப் பரணுக்குள் வெளிச்சத்தை
மூலைக்கு மூலை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தான்.
"இன்னாத்தத் தேடுற?"
"ஒண்ணுமில்ல. எவ்ளோ எடம் பாரு" என்றான்.

ஆல்பம் அங்கே இல்லையென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.