இருநூற்றுப் பன்னிரண்டு

மேலே ஒட்டுத்துணி. நடுவே பஞ்சுத் தகடு.
கீழே மல்துணி.
மெஷினுக்கடியில் மூன்றும் ஒன்றாக நகர வேண்டும்.
அதுவரை எது பிடித்துவைப்பது?

பாகலூர் ரோட்டில் எங்கள் அறை
பத்துக்குப் பத்து.
போர்வை எட்டுக்கு ஏழு.
சிலிண்டரை வெளியே தூக்கிவைத்து,
இரண்டு மெஷினையும் சுவரோடு தள்ளி,
பாயைச் சுருட்டி நிறுத்தினால்
துணிக்கு இடம் உண்டு
எங்களுக்கு இல்லை.
ஷாஹிதா நிலைவாசலில் குந்தி ஒரு மூலையை இழுப்பாள்.
நான் சமையல் மேடையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
மறு மூலையை.

ஸ்ப்ரே என்றாள் முதலில்.
பெங்களூருக்கு பஸ் ஏறி வாங்கிவந்தாள்.
பாதி டப்பா தீர்வதற்குள்
இருவரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினோம்.
துணி ஒட்டவில்லை.
என் முந்தானை தரையோடு ஒட்டியிருந்தது.

மைதாப் பசை என் யோசனை.
போஸ்டர் ஒட்டுகிறவன் தோற்றான், அப்படிக் காய்ச்சினேன்.
விடிந்து பார்த்தால் எறும்பு
என் தையலைவிட நேராக
ஒரு கோடு போட்டிருந்தது.

பிறகு ஊக்கு.
பதினெட்டு டஜன். நான்கு வளைந்துபோயின.
நடுவிலிருந்து ஓரத்துக்கு
ஒரு சாணுக்கு உள்ளேயே அடுத்தது, அடுத்தது.
குத்தி முடித்தபோது
கட்டைவிரல் நகத்துக்கடியில் உயிர் துடித்தது.
ஆனால் துணி அசையவில்லை.
தைத்துக்கொண்டே வந்தேன்.
ஷாஹிதா ஒவ்வொன்றாகக் கழற்றி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டே வந்தாள்.

இருநூற்றுப் பதினொன்று.

நான் தமிழில் எண்ணினேன். அவள் உருதுவில் எண்ணினாள்.
இரண்டு மொழியிலும் ஒன்று குறைந்தது.

ரோஜாப் பண்ணை சூப்பர்வைசர் கெம்பராஜ்
கொடுத்த ஆர்டர் அது.
அந்த வீட்டில் எட்டு மாதக் குழந்தை.
இன்னும் குப்புற விழுந்து
எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயசு.

பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தோம்.
துணி மேல் தடவிக்கொண்டே போனதில்
மெஷின் ஊசியின் உடைந்த முனை ஒன்று கிடைத்தது.
அது எப்போது உடைந்ததென்று எனக்கு நினைவில்லை.
அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
வெறுங்கையால் அமுக்கினோம்.
கன்னத்தால் அமுக்கினோம்.
கடைசியில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
போர்வை மேல் படுத்து
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு உருண்டாள்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கெம்பராஜ் போன் செய்தார்,
பனி இறங்கிடுச்சே, என்றைக்குத் தருவீங்க?
நூல் வரவில்லை என்று பொய் சொன்னேன்.
கடையிலேயே சிலது குறைந்திருக்கும் என்றாள் ஷாஹிதா.
இருக்கலாம்.
டஜனுக்குப் பன்னிரண்டு என்று நம்பி வாங்கினோம்,
ரெண்டு பேருமே எண்ணவில்லை.
இருக்கலாம் என்பதை
எட்டு மாதக் குழந்தை மேல் போர்த்த முடியாது.

இப்போது கச்சாத் தையல்தான்.
வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டைமாடியில் விரிக்கிறோம்.
ஓசூர்க் காற்று வந்து கேட்காமல் தூக்கும்,
நான்கு மூலைக்கும் ஹாலோ பிளாக் கல்.
சிவப்பு நூல், முடிச்சு ஒரு பக்கம் மட்டும்,
விரல் நீளத்துக்கு ஒரு தையல்.
நான்கு மணி நேரம் போடுகிறோம்.
பிரிக்க நான்கு நிமிஷம்.
இழுத்தால் பாம்பு மாதிரி வந்துவிடும்.
கூலியில் இதற்குக் கணக்கில்லை.
எங்கேயாவது ஒரு துண்டு உள்ளே தங்கினாலும்
நூல்தானே.

கெம்பராஜுக்கு இரண்டாவதைக் கொடுத்தோம்.
துணி அளவு கொஞ்சம் மாறியிருக்கிறதே என்றார்.
ஆமாம் என்றோம்.

முதல் போர்வை எங்களிடமே இருக்கிறது.
மார்கழியில் அதற்குள்தான் இருவரும் படுக்கிறோம்.
விளக்கை அணைத்தபின் தினமும் கேட்கிறாள்,
குத்திச்சா?

இல்லை.
நீ அந்தப் பக்கம் தள்ளிப் படு.