சூட்டுமுள்

ஹைஏஸின் எஞ்சின் என் சீட்டுக்குக் கீழே.
அதைத் திறக்க வேண்டுமென்றால்
முதலில் நான் எழும்ப வேண்டும்.

சூட்டுமுள் செத்துப் பதினாறு வருடம்.
கல்லடிப் பாலத்தில் ஒருநாள் நடுவில் நின்றது,
பிறகு எந்தத் தீயும் அதை அசைக்கவில்லை.
ஏறாவூர் சபூர்தீன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து
"இதுக்குச் சாமான் ஜப்பான்லயும் இல்ல" என்றான்.
அன்றிலிருந்து முள் நான்தான்.
தொடையின் பின்பக்கம் காந்தத் தொடங்கினால்
"சுடுகுது" என்பேன்.
இவர் நிறுத்துவார்,
மறுகா திருப்புவார்.

திருகோணமலை என்று புறப்பட்டுப் பனிச்சங்கேணியில் திருப்பினோம்.
கதிர்காமம் என்று போய்த் திருக்கோவிலில்.
கண்டிக்கென்று இடியப்பமும் சம்பலும் கட்டி
புணானையில் யானைவேலி ஓரம் வைத்துத் தின்றுவிட்டு
கைகழுவித் திரும்பி வந்தோம்.
எங்கள் தீவு
மூன்று பக்கமும் நாற்பது கட்டை,
நாலாவது பக்கம் கடல்.

இந்தமுறை கரண்ட் பில்லின் பின்பக்கம்
இலங்கையை ஒரு மாங்காயாக வரைந்து
சுற்றிவர அம்புக்குறி போட்டார் இவர்.
பதுளை, ஹற்றன், புத்தளம், மன்னார்.
சபூர்தீன் ஃபேன் பெல்ட் இரண்டும் ஒரு முழம் றபர் ஹோஸும் தந்தான்,
சவர்க்காரக் கட்டி ஒன்றும்: "டேங்க் ஒழுகினாத் தேயுங்க."
"போவலாம். வாறதப் பத்தி நான் கதைக்கல்ல."
காசு வாங்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

செங்கலடி தாண்ட விடிந்தது.
கறுத்தப் பாலத்தில் இப்போது யாரும்
இறங்கி நடக்கச் சொல்வதில்லை.
இவர் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது.
நான் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தடவினேன்.

கரடியனாற்றில் தொடங்கியது சூடு.
முதலில் ஒரு பூனை கீழே வந்து படுத்த மாதிரி.
சொல்ல வாய் திறந்தேன்.
மழைவிட்ட பின்னேரங்களில் மட்டும்
வாவிக்கரையிலிருந்து தெரிகிற அந்த மலை
வயலுக்கு அப்பால், கிட்டவாக, நீலமாக நின்றது.
வாயை மூடினேன்.

புல்லுமலையில் பூனை தோசைக்கல்லானது.
இவருடைய சாரமொன்றை நாலாக மடித்து அடியில் வைத்தேன்.
"எப்பிடி?" என்றார்.
"பரவாயில்ல."
இருபத்தெட்டு வருடக் கலியாணத்தில்
நான் சொன்ன பெரிய பொய் அதுவாக இருக்காது.
சுடச்சுடச் சொன்னது அது ஒன்றுதான்.

மகா ஓயாவில் ஹோஸ் வெடித்தது.
ஊற்றுக்குத் திரும்பும் முடக்கில்
வெள்ளை ஆவிக்குள் நாங்கள் இரண்டுபேரும்.
நான் எழும்பினேன்.
இவர் மடித்த சாரத்தைப் பார்த்தார், பிறகு என்னை.
"எங்க இரிந்து?"
"கரடியனாறு."

கொதித்த எஞ்சினுக்குப் பச்சைத்தண்ணி ஊற்றினால் ஹெட் பிளக்கும்.
வெந்நீருக்கு எங்கே போவதென்று
றோட்டில் நின்று இவர் கையை விரிக்க
தோடம்பழம் விற்ற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"உணு வத்துர?"
வாளியை எடுத்து முன்னால் நடந்தாள்.

ஏழு கிணறு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.
வரிசையாக விரல் நனைத்துப் பார்த்தேன்.
புல்லுமலைச் சூடு ஒன்றில் இருந்தது,
அடுத்ததில் கரடியனாற்றுச் சூடு.
"இது" என்றேன்.
எந்த முள்ளும் இல்லாமல் அவளும் தலையாட்டினாள்.

ஹோஸைக் கம்பியால் இறுக்கி ஊற்றியபோது
றேடியேற்றர் நிலத்தின் தண்ணீரை
விக்கி விக்கிக் குடித்தது.
இவர் கையைத் துடைத்தார்.
மாங்காய்ப் படத்தை விரித்தார், மடித்தார்.
கிழக்கே பார்த்தார்.
சாவியை என்னிடம் நீட்டினார்.
"நீ ஓட்டு. நான் அங்க இரிக்கன்."

லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருடம்;
சந்தைவரைக்கும்தான் ஓட்டியிருக்கிறேன்.
மூன்றாம் கியர் எங்கோ ஒளிந்திருந்தது.
பதியத்தலாவ தாண்டி
ஏற்றத்தின் முதல் வளைவில்
இவர் ஒருதரம் அசைந்து உட்கார்ந்தார்.
சாரத்தை எட்டாக மடித்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

"பரவாயில்ல" என்றார்.