சிவப்புப் பெட்டி

கெய்யோன் துறைமுகத்தில் நாலு நாளாக மழை.
கணினி அறையில் பதினெட்டுப் பேர்,
உயிரோடு இருப்பது பதினோரு திரை.
என் திரையின் நடுவில் என் வாக்கியம்:
"சால்மன் கூண்டுகளைக் கடலைவிட்டு அகற்ற வேண்டும்."
ஆதரவுக்குப் பச்சைப் பெட்டி,
எதிர்ப்புக்குச் சிவப்பு.
பச்சையில் ஒன்பது, மூச்சுவிடாமல் எழுதிவிட்டேன்:
செத்து மிதக்கும் மீன், மருந்து,
கரை ஒதுங்கும் நைலான் கயிறு.

சிவப்பையும் நானே நிரப்ப வேண்டுமாம்.
"கம்பெனிக்காரனுக்குக் காசுதான் கடவுள்" என்று தட்டினேன்.
யாஸ்னா டீச்சர் அதை அழிக்கவில்லை.
ஓரத்தில் ஒரு குறிப்பு விட்டார்:
இதைத் தன் வாயால் சொல்லும் ஒரு ஆளைக் காட்டு.

காட்ட முடியவில்லை.
வைக்கோலில் ஆள் செய்து
அதன் வயிற்றிலேயே குத்திக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் இன்னொரு சுட்டி நுழைந்தது,
ஊதா நிறத்தில்.
அயெலென் கார்காமோ. மூன்றாம் வரிசை, ஈர ஜாக்கெட்.
என் பக்கம் திரும்பவேயில்லை.
"அம்மாவுக்கு மீன் வெட்டுகிற ஷெட்டில் இரவு ஷிப்ட்.
கூண்டு போனால் ஏப்ரலில் நாங்கள் புவெர்ட்டோ மோன்ட் போக வேண்டும்.
அங்கே எங்களுக்கு யாரும் இல்லை."

சான்று? என்றது கருவி.
அம்மாவின் சம்பளச் சீட்டைப் படமெடுத்து ஒட்டினாள்,
பெயர்மேல் கறுப்புப் பூசி.
எவ்வளவு வலு என்று வகுப்பு நகர்த்திய அளவுகோல்
ஐந்துக்கு இரண்டில் நின்றது.
ஒரு வீடு ஊராகாது என்றான் எலாடியோ.
அவள் தலையாட்டினாள்,
அதுவும் சரிதான் என்பதுபோல.
எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சாப்பாட்டு மணிக்கு எல்லாரும் போனபின்
நகராட்சியின் பட்டியலைத் தேடினேன்.
சிக்னல் தன் வாலைத் தானே துரத்திச் சுற்றியது.
ஷெட்டுகளை நம்பி உலை வைக்கும் வீடுகள்:
நான் நினைத்ததைவிட நீளமான வரிசை.
எந்த ஆண்டுக் கணக்கு, யார் எடுத்தது, பார்த்தேன்.
ஓட்டை கிடைக்கும் என்று நம்பித்தான் பார்த்தேன்.
கிடைக்கவில்லை.
அவள் பெட்டிக்குக் கீழே ஒட்டினேன்.

திரும்பி வந்ததும் அளவுகோல் நாலுக்கு ஏறியது.
யார் ஒட்டியது என்று தேடினாள்.
என் சுட்டி ஆரஞ்சு நிறம்.

கூண்டுகள் போக வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.
ஆனால் "அகற்ற வேண்டும்" என்பதற்கு முன்னால்
ஏதோ ஒரு சொல் குறைகிறது.
"படிப்படியாக" என்று போட்டேன்.
அழித்தேன்.
அது அவள் வாயை அடைக்கப் போடுகிற சொல்.

சுட்டி மினுக்கிக்கொண்டே இருக்கிறது.
ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம்.