பதினேழு விநாடி

ஹட்டன் மாவட்ட நீதிமன்றத்தில்
காலை பத்தரைக்கே விளக்கு எரிகிறது.
பனி கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது,
தவணைக்கு வந்து பெயர் கூப்பிடாத ஆள் மாதிரி.

நான் மொழிபெயர்ப்பாளன்.
தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வேன்,
சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பேன்.
கூட்டாமல் குறைக்காமல் என்று சத்தியம் செய்தவன்.
இருபத்திரண்டு வருடமாகக் காணித் தகராறு, விவாகரத்து, திரும்பி வந்த காசோலை.
இப்படியொரு வழக்கு இதுதான் முதல்.

ஞாயிற்றுப் பத்திரிகை ஒன்று
ஓர் ஆசிரியையின் குரல் அஞ்சலைத் திறந்து கேட்டிருக்கிறது.
இரகசிய இலக்கம் நான்கு பூச்சியம்,
கம்பனி கொடுத்தபடியே இருந்தது.
சம்பளப் போராட்டத்தில் ஒலிபெருக்கி பிடித்தவள் அவள்.
நிருபர் மதியழகன் மூன்று கிழமை கேட்டார்,
பிளேன்டி குடித்தபடி, குறிப்பெடுத்தபடி.
முதல் பக்கத்தில் தலைப்பு:
"ஸ்வெட்டர் யாருடையது?"

ஏனென்றால் முதலாவது செய்தி இது:
"ஸ்வெட்டர அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்.
நீயே போட்டுக்க. ராவைக்குக் குளிரும்."
அவ்வளவுதான்.
பேசியவர் பெயர் வழக்கேட்டில் இருக்கிறது.
இங்கே எழுதவில்லை. அவளுடையதையும்.

வழக்காளி கோருவது ஐம்பது இலட்சம்.
திருடியதை நிரூபிக்க
திருடியதை மறுபடி வாசிக்க வேண்டும்.
வாசித்தேன்.
என் வாயால், சிங்களத்தில்,
பொலிஸ்காரர், எல்லைவேலித் தகராறுக்கு வந்த இரண்டு குடும்பம்,
எல்லாரும் கேட்க,
ராவைக்குக் குளிரும் என்றேன்.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்.

எதிராளிக்காகச் சட்டத்தரணி வீரக்கோன் எழுந்தார்.
லயத்தில் பிறந்தவர்தானே நீங்கள்?
ஒரு கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு.
தடுப்புச் சுவர் கூரையைத் தொடுவதில்லை.
பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும்.
அப்படியிருக்க, எந்த அந்தரங்கம் பறிபோனது?

கேள்வியைத் தமிழாக்கினேன்.
'லயம்' என்ற சொல் நாக்கில் ஒரு கணம் நின்றது.
டிக்கோயாப் பக்கம், ஏழாம் இலக்கக் காம்பரா.
நானும்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"கேக்கும் ஐயா. இருமலும் கேக்கும், அழுகையும் கேக்கும்.
கேட்டுட்டு, கேக்காத மாதிரி இருப்போம்.
விடிஞ்சு பீலிக்கரையில பாத்தா
ஒண்ணும் கேக்க மாட்டோம்.
அதுதான் எங்க சுவரு."

காதால் கேட்பதும் வாயால் கேட்பதும்
சிங்களத்திலும் ஒரே சொல்.
அன்று அது எனக்கு உதவியது.

பிறகு மூன்றாவது செய்தி.
கணினியில் ஓடவிட்டார்கள்.
பதினேழு விநாடி.
தகரத்தில் மழை, தூரத்தில் ஒரு நாய்,
கடைசியில் ஒரு "ம்".
பக்கத்தில் படுத்திருப்பவளிடம் மட்டும்
சொல்கிற "ம்".

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
என்ன சொல்கிறார்?

அந்த ஞாயிறு நானும் பத்திரிகை வாங்கினேன்.
பஸ் நிலையத்தில், நூறு ரூபா.
மல்லியப்புச் சந்தி வரை நடந்துகொண்டே படித்தேன்.
சிரித்தும் இருப்பேன்.

"மழை, கனம் நீதிபதி அவர்களே," என்றேன்.
"மழைச் சத்தம் மட்டும்தான்."

தட்டெழுத்தாளர் மழை என்று தட்டினார்.
அவள் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்,
பிறகு ஜன்னல் பக்கம்.
வழக்கு செப்டெம்பர் பன்னிரண்டுக்குப் போனது.

பின்னேரம் தாள்கள் வந்தன.
ஒவ்வொன்றின் அடியிலும்
கூட்டாமல் குறைக்காமல் என்ற வரிக்குக் கீழே
கையொப்பம் வைத்தேன்.