அறுநூற்று நாற்பது கிராம்

வலது அறுநூற்று நாற்பது, இடது எழுநூற்றுப் பத்து,
தோராயம்தான் என்றார் டாக்டர் ஒயார்சூன்.
நான் மீன் விற்கிறவள்.
தோராயம் எனக்குப் பழக்கமில்லை.

கடைசி வேலைநாளில்
வால்திவியா ஆற்றோரச் சந்தைக்கு
விடியுமுன் போய்
தராசில் ஒரு மெர்லூசா மீனை வைத்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஒரு துண்டு சேர்த்ததும் நாற்பதில் நின்றது முள்.
இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தேன்.
இவ்வளவுதானா.
இவ்வளவா.
இரண்டும் ஒரே மூச்சில் தோன்றின.

கடைக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
நெஞ்சைப் பலகையில் கிடத்தி
குடலுக்கும் செதிலுக்கும் காத்திருந்தன.
நிமிர்ந்து நில் என்று
அவற்றிடம் யாரும் சொல்வதில்லை.

எட்டு மணிக்கு ஒரு சாம்பல் கோட்டுக்காரி
அதே மீனைக் காட்டி
"தலை வேண்டாம், மற்றதைக் கட்டிக் கொடு" என்றாள்.
கொடுத்தேன்.
சில்லறை கொடுக்கக் கை நீட்டியபோது
வழக்கம்போல் சட்டையின் மூன்றாம் பொத்தான் அவிழ்ந்தது.
வழக்கம்போல் எதிர்க்கடை கஸ்தோடியோ
ஐஸ் உடைப்பதை நிறுத்தினான்.

ஆறு வாரமாய் சிகரெட் இல்லை.
தோளில் பட்டை அறுத்த பள்ளங்கள் இரண்டு,
மழையில் நின்றால் தண்ணீர் தேங்கும் என்பாள் தங்கை.
ஜனவரி வெயிலில் அடிமார்பு வெந்து சிவக்கும்,
சோளமாவு தட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன்.
படமெடுத்த நர்ஸ் சொன்னாள்:
"கவலைப்படாதே, முகம் வராது."
பன்னிரண்டு வயதிலிருந்தே அது வருவதில்லை
என்று சொல்ல நினைத்தேன்.
குளிராய் இருந்தது. சொல்லவில்லை.

பால் சுரக்காமல் போகலாம்.
உணர்ச்சி போகலாம், திரும்பலாம்.
தழும்பு தலைகீழ் நங்கூரம்போல் இருக்கும்.
மூன்று இடத்தில் கையெழுத்து.
மூன்றாவதில் பேனா வறண்டது.
வேறு பேனா தேடிய அந்த அரை நிமிடத்தில்
பெயர் வைக்காத ஒரு குழந்தை
என் மடியில் ஏறி, முகர்ந்து பார்த்து, இறங்கிவிட்டது.
போட்டேன்: யாஸ்னா.

"வேறு ஏதாவது கேட்கணுமா?"
"எப்போது துடுப்புப் போடலாம்?"
"படகு ஓட்டுவீர்களா?"
"இல்லை."
ஒரு கணம் பார்த்துவிட்டு
மூன்று மாதம் என்று எழுதினார்.

காயே-காயே ஆற்றில் நான்கு பேர் படகு, எனக்குப் பதின்மூன்று.
துடுப்பை நெஞ்சுவரை இழுக்க வேண்டும்.
என் நெஞ்சு ஒரு சாண் முன்பாகவே வந்துவிடும்.
கரையில் பையன்கள் எனக்கு வைத்த பெயரை
இங்கே எழுதப் போவதில்லை.
படிக்க நேரமில்லை என்று சொல்லி நின்றுவிட்டேன்.
எல்லோரும் நம்பினார்கள், என் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகும்.

அம்மாவுக்கும் இதே உடம்பு.
"நான் சுமக்கவில்லையா" என்பதுதான்
எட்டு மாதமாய் அவள் பேச்சு.
நேற்றிரவு சிவப்பு மருந்துச் சோப்பை வாங்கி
எனக்கு எட்டாத முதுகைத் தேய்த்தாள்.
குழாயை மூடினாள்.
"ஐம்பத்தெட்டு வயசானால்
எடுக்க மாட்டார்களா?"
நுரை என் கண்ணில் இருந்தது.
திரும்பிப் பார்ப்பதற்குள்
துண்டை மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது மணி ஏழு.
படுத்தால் இடம் மாறிவிடுமாம்,
நிற்க வைத்து வரைகிறார்.
ஊதாப் பேனாவின் முனை, கழுத்துக் குழியிலிருந்து கீழே
ஈர நூல்போல் இறங்குகிறது.
அசையாதீர்கள் என்கிறார்.

வெளியே நாற்காலியில் அம்மா.
முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகள் நான்கு அவள் பையில்.
ஒன்று என் அளவில்லை.
காலையில் மடித்து வைத்தபோதே பார்த்தேன்,
கேட்கவில்லை.