பதினேழாம் பல்

பெங்களூர் வண்டி புகைவிட்டுக்கொண்டு
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் எங்களை இறக்கிவிட்டபோது
என் தோள்பையில் பதினோரு காதுக் கருவிகள் இருந்தன.
ஒன்றும் விற்கவில்லை.
கைக்கடிகாரம் வேறு நின்றிருந்தது.

பழையபேட்டையில் பேட்டரி போடுவார்கள் என்றார்கள்.
மாங்காய் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்.
அமீர்ஜான் கடை ஒரு கட்டில் அகலம்.
கடிகாரத்தின் முதுகைத் திறந்து மூடி
அறுபது ரூபாய் என்றார்.
சில்லறைக்காக அவர் இழுப்பறையை இழுக்க
உள்ளே ஏதோ
இரண்டு சொட்டு பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

என்னது?

என் தொழிலில் இதை
எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் கேட்பார்கள்.

சோப்புக்கட்டி அளவில் ஒரு மரப்பெட்டி.
மூடியில் ஏரி, வெள்ளை மலை, பாதி உதிர்ந்த படகு.
சாவி கொடுத்தார்.
அம்மை வார்த்த உடம்பு போல
முள்முள்ளாய் ஒரு பித்தளை உருளை திரும்ப
முட்களில் பட்டுப் பட்டு ஓர் எஃகுச் சீப்பு
பல் பல்லாய்ச் சிலிர்த்தது.
எந்தத் தலையையும் வாராத சீப்பு.
பாட்டு எனக்குத் தெரியாத ஊருடையது.
ஒரே இடத்தில் மட்டும்
இருட்டில் இல்லாத படிக்குக் கால் வைப்பதுபோல்
பொத்தென்று இறங்கி ஏறியது.

"பதினேழாவது பல் இல்லீங்க மேடம்.
வாங்கும்போதே இல்லை."

அப்புறம் தீப்பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்திருந்த
பாக்கெட் கடிகாரம்.
மணிக்கொரு முறை அதுவும் பாடுமாம்.
உமி அளவுத் தகடுகளை லென்ஸில் காட்டினார்.
இத்தாலிக்குக் கல்லறைக் கல் அனுப்பும் முதலாளி
அடகு வைத்துவிட்டுத் திரும்பவில்லை என்றார்.
பின்னால் வந்தவரிடம்
சுல்தான் காலத்துச் சரக்கு என்றார்.
இரண்டையும் நம்பினேன்.

பின்னால் வந்தவர் திம்மராயன்.
பர்கூர்ப் பக்கக் குவாரியில்
இருபத்திரண்டு வருடம் பாறைக்குத் துளை போட்டவர்.
பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஓடுது. சத்தம் வரலையே?"

எனக்குத் தெரியும்,
மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே
அந்தக் காதில் ஆள் குடியில்லை.
வரைபடம் போடாமலே சொல்லுவேன்.
பையின் ஜிப்பில் கை போய்விட்டது.

அதற்குள் அவர் கண்ணாடி மேசையிலிருந்து
ஒரு திருப்புளியை எடுத்தார்.
முனையைப் பெட்டியின் மேல் ஊன்றி
பிடியைக் கடித்துக்கொண்டார்.
வாயில் இரும்போடு ஏதோ சொன்னார்.
துளை எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று
கம்பியைக் கடித்துப் பார்ப்பாராம்.
அமீர்ஜான் மறுபடி சாவி கொடுத்தார்.

விரல்கள் மேசைமேல் தட்டத் தொடங்கின.
முதலில் தப்பும் தவறுமாக,
அப்புறம் சரியாக.
இரண்டாம் சுற்றில்
அந்த இடம் வந்தபோது
விரல் மேலேயே நின்றது.

திருப்புளியை எடுத்துவிட்டுச் சொன்னார்:
"இங்க ஒண்ணு கம்மி."

அமீர்ஜான் என்னைப் பார்த்தார்.
நான் ஜிப்பைப் பார்த்தேன்.

கருவி என்ன விலை என்று பிறகு அவரே கேட்டார்.
இருபத்தெட்டாயிரம்.
எவ்வளவு என்று திரும்பக் கேட்டார்.
சத்தமாகச் சொன்னேன், தெரு முழுக்க.
சிரித்துவிட்டு
லுங்கியில் திருப்புளியைத் துடைத்து வைத்தார்.
அவர் வந்தது சுவர்க்கடிகார முள் ஒன்றுக்காக.
ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டார்.

பெட்டி பதினெட்டாயிரம். என்னால் முடியாது.
கேட்டுவிட்டு செல்போனில் பதிவு செய்துகொண்டேன்,
முழுப் பாட்டு, இரண்டு சுற்று.

டோல்கேட்டில் பேருந்து ஊர்ந்தபோது
காதில் மாட்டிப் போட்டுப் பார்த்தேன்.
இரைச்சலை நீக்கும் போன் அது.
பாட்டை இரைச்சல் என்று நீக்கியிருந்தது.
ஒரு லாரி ஹாரன்,
நாற்காலி நகரும் ஓசை,
நடுவே என் குரல் மட்டும்
துல்லியமாக, அவ்வளவு துல்லியமாக:
"கேக்குதாங்க? இப்ப கேக்குதா?"