ஏழாம் நம்பர் பெட்டி

சோப்புக்கட்டி அளவுதான்.
உள்ளே ஒரு சில்லு, ஒரு குட்டி விசிறி.
விசிறி எதுக்கு என்றான் சிக்கந்தர்.
மதுரையின் மே மாதம் அவனுக்குப் பதில் சொன்னது.
ஜெய்ஹிந்த்புரத்தில், பெயின்ட் கடை மாடியில்
பதினாலு மாதம் அதோடு கிடந்தோம்.

டிவிக்குப் பின்னால் செருகினால் படம் வர வேண்டும்.
வட்டம் வந்தது, சுற்றியது.
அதன் சுற்றைக் குறைக்கவே ஆறு மாதம்.

அப்புறம் எழுத்து.
மதுரை என்று அடித்தால்
சங்கிலிக்கொம்பு முன்னால் வர மறுத்து
ரகரத்தின் முதுகுக்குப் பின்னால்
கோபித்துக்கொண்டு நின்றது.

மூன்று மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால்
பெட்டி கேட்க வேண்டும்:
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
பார்த்துக்கொண்டிருக்கி
என்று விளிம்பில் கழுத்தறுபட்டது.
எழுத்தைச் சுருக்கினால் எறும்பு வரிசை.
கடைசியில் வீட்டில் பேசுகிற மாதிரி அடித்தான்:
இன்னும் பாக்குறீகளா?
கச்சிதம். இரண்டு பக்கமும் இடம் மிச்சம்.

தெரிந்தவர்களுக்குப் பத்துப் பெட்டி கொடுத்துவிட்டுப்
பதிவுகளைப் பார்த்தபடி இருந்தோம்.
ஏழாம் நம்பர், காலை பத்து ஐம்பது:
கேட்டது. பதில் இல்லை.
மறுநாள் அதே. அதற்கு மறுநாளும்.
ரிமோட் கோளாறு என்றேன் நான்.
சென்சார் என்றான் அவன்.

மாற்று ரிமோட் இரண்டோடு
கரிமேடு மீன் மார்க்கெட் பின்சந்துக்குப் போனோம்.
கொட்டாவியோடு கதவைத் திறந்தார் தனக்கொடி,
பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ்.
ரிமோட்டில் ஒரு குறையும் இல்லை.
அமுக்கினால் வேலை செய்கிறது.
அவர் அமுக்குவதில்லை.

"ராத்திரி பூரா வார்டுல நாந்தேன் கேக்கணும்.
முழிச்சிருக்கீகளா, வலிக்குதா, ஒண்ணுக்குப் போனீகளா.
வந்து படுத்தா
இது ஒண்ணுதேன் என்னையக் கேக்குது.
பதில் வேற சொல்லணுமாக்கும்?"

செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார்.
"அணையும்போது ஒரு சத்தம் போடுதுல்ல,
ஐசியூ மானிட்டர் மாதிரியே இருக்கு.
தூக்கிவாரிப் போடுது தம்பி."

அந்த ஒலிக்கு
சிக்கந்தர் இரண்டு நாள் செலவழித்திருந்தான்.
பெரியார் பஸ் ஸ்டாண்டு தாண்டும்வரை பேசவே இல்லை.

இரவு அந்த வரியை அழித்தோம்.
புதிய பதிப்பின் குறிப்பில்
சிறு திருத்தங்கள் என்று போட்டோம்.

மறுநாள், ஏழாம் நம்பர்,
பத்து ஐம்பத்திரண்டு:
கேட்டது.
காத்திருந்தது.
அணைந்தது.